பிளீஸ் சொல்ல வேண்டியவர் யார்?

இன்கிரிட்டின் அறையில் இரண்டு கதிரைகள் இருக்கும். ஒன்று அவருடையது, சுழலும். மற்றது வருகிறவர்களுக்கானது, சுழலாது. அந்தச் சுழலாத கதிரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன்.

தொடரைப் புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். எங்கள் மாடிக்குப் பொறுப்பானவர் இன்கிரிட். எனக்கு அங்கே நிரந்தரமாக இருப்பது பாதி நேர வேலைதான். மீதி வேலை கைத்தொலைபேசியில் வரும். யாருக்காவது காய்ச்சல் என்றால் விடியற்காலை ஆறு மணிக்கு 'இன்று வர முடியுமா?' என்று ஒரு செய்தி விழும். முதலில் பதில் போடுகிறவருக்கு வேலை. பல வருடங்களாக நான் அந்தத் தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

"வசந்தி, முழுநேர இடம் ஒன்று காலியாகிறது. உனக்கு வேண்டுமா?" என்று இன்கிரிட் கேட்டார். நோர்வேயில் அரச குடும்பத்தைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் 'நீ' தான். அதற்கு நான் எப்போதோ பழகிவிட்டேன்.

இந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். முழுநேரம் என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிய அட்டவணை கையில் இருக்கும். எந்தச் சனிக்கிழமை என்னுடையது, எது வேலையுடையது என்று தெரியும். தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கலாம்.

நான் சொன்னேன்: "பரவாயில்லை இன்கிரிட், வேறு யாருக்காவது கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் இருக்கிறார்கள்தானே."

"அப்படியா? சரி," என்று சொல்லிவிட்டு அவர் குறிப்புக் கொப்பியில் ஏதோ எழுதினார்.

நான் எழும்பவில்லை. அவரும் என்னைப் பார்த்தார். ஆறிய கோப்பியின் வாசம் அறை முழுக்க இருந்தது. யன்னலுக்கு வெளியே யாரோ பனி வழிக்கும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் போயிருக்கும்.

"வேறு ஏதாவது?" என்றார் இன்கிரிட்.

"இல்லை. நன்றி," என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாடசாலைப் பிளீஸ்

நான் அந்தக் கதிரையில் எதற்காகக் காத்திருந்தேன் என்பதைச் சொல்வதற்கு முன் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளீஸ் என்ற சொல்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆங்கில ரீச்சர் முதல் நாளே கற்றுத் தந்தது அதைத்தான். வகுப்பை விட்டு வெளியே போக வேண்டுமானால் 'பிளீஸ் ரீச்சர்' என்று தொடங்க வேண்டும். பிளீஸ் இல்லாவிட்டால் அனுமதியும் இல்லை. அந்தச் சொல் நினைவுக்கு வராமல் கால் மாற்றி மாற்றி நின்ற ஒரு பிள்ளை கடைசியில் வாங்கிலுக்குப் பக்கத்திலேயே அலுவலை முடித்துவிட்டது. அந்தப் பிள்ளை யார் என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு லீவுக் கடிதத்தில் வந்தது. 'பிளீஸ்' என்று தொடங்கி, காய்ச்சலில் முடியும். சோதனைத்தாளின் அடியில் 'பிளீஸ் ரேர்ண் ஓவர்' என்று இருக்கும். தாளைத் திருப்பச் சொல்லி ஒரு தாள் என்னைக் கெஞ்சுகிறதே என்று எனக்கு அப்போதே ஆச்சரியம்.

பெரிய வகுப்புக்கு வந்தபோது அகராதியில் பார்த்தேன். முதலில் போட்டிருந்த பொருள் 'மகிழ்வி, திருப்திப்படுத்து'. நாலாவதோ ஐந்தாவதோதான் 'தயவுசெய்து' வந்தது. ஆக, பிளீஸ் என்றால் உள்ளுக்குள் 'உங்களுக்கு மகிழ்ச்சியானால்' என்று அர்த்தம். தண்ணீர் தருவது உங்களுக்கு மகிழ்ச்சியானால் தாருங்கள். மகிழ்ச்சி இல்லாவிட்டால் நான் தாகத்தோடு இருந்துகொள்கிறேன். இவ்வளவு பெரிய வசனத்தை ஆங்கிலேயர்கள் நறுக்கி நறுக்கி ஒற்றைச் சொல்லாக்கிவிட்டார்கள். இப்போது சொல்லுகிறவருக்கும் அதன் அர்த்தம் ஞாபகம் இல்லை.

இந்தியாவில் இருந்து வந்தவர்கள் இதை நீட்டுவார்கள். 'பிளீஸ்ஸ்ஸ்' என்று அவர்கள் சொல்லும்போது அது வேண்டுகோள் இல்லை, செல்லம். இதே சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் 'போதும் நிறுத்து' என்று அர்த்தமாகிவிடும். ஒரே சொல் ஒரு வீட்டுக்குள்ளேயே ஒருவர் வாயில் கெஞ்சலாகவும் இன்னொருவர் வாயில் அதட்டலாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பலகையில் மட்டும் வாழும் சொல்

தமிழில் இதற்கு என்ன? 'தயவுசெய்து' என்பீர்கள். அந்தச் சொல்லை நான் பலகைகளில்தான் அதிகம் கண்டிருக்கிறேன். 'தயவுசெய்து பாதணிகளை வெளியே கழற்றவும்.' வீட்டுக்குள் யாராவது சொன்னால் சண்டை என்று அர்த்தம். என் கணவர் சிவநேசன் எங்கள் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வாழ்க்கையில் எனக்குத் 'தயவுசெய்து' சொன்ன தடவைகள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றின் பின்னாலும் 'வாயை மூடும்' என்றுதான் வந்தது.

அதற்காக நாங்கள் மரியாதை தெரியாதவர்கள் இல்லை. எங்களுக்கு மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'தாங்கோ', 'இருங்கோ', இன்னும் கொஞ்சம் குழைந்தால் 'இருங்கோவன்'. முன்னால், ஒரு தடவை என்ற பொருளில், ஒரு 'ஒருக்கா' போட்டால் கதை முடிந்தது. 'ஒருக்கா அந்தக் கதவைத் திறவுங்கோ' என்று கேட்டால் கல்லும் எழும்பிப் போய்த் திறக்கும்.

ஒஸ்லோவுக்கு வந்து மொழி வகுப்பில் சேர்ந்தபோது நான் முதலில் தேடிய சொல்லும் இதுதான். வகுப்பில் வெதுப்பகத்தில் பாண் வாங்குவது போல நடிக்கச் சொன்னார்கள். நான் கையை உயர்த்தி, "பிளீஸ் எங்கே?" என்று கேட்டேன்.

ஆசிரியை யோசித்தார். "எங்களிடம் அப்படி ஒரு சொல் இல்லை. கடைசியில் 'தக்' சொல். போதும்," என்றார். தக் என்றால் நன்றி. 'அன்பாய் இருங்கள்' என்ற மாதிரி ஒரு தொடர் உண்டாம். ஆனால் அதை அடிக்கடி சொன்னால் கெஞ்சுவது போல இருக்கும் என்று எச்சரித்தார்.

எனக்கு அன்றைக்கு இந்த நாட்டைக் கொஞ்சம் பிடித்துப்போனது. ஏழு கடல் தாண்டி வந்து பார்த்தால் இவர்களிடமும் பிளீஸ் இல்லை. நாங்களும் இவர்களும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மூன்று தரம்

எங்கள் வீடுகளில் பிளீஸ் இல்லை என்று சொன்னது முழு உண்மை இல்லை. கெஞ்சல் இருக்கிறது. ஆனால் கெஞ்சுகிறவர் ஆள் மாறி இருக்கிறார்.

ஆங்கிலத்தில் எனக்கு வேண்டும் என்று கேட்கிறவர்தான் பிளீஸ் சொல்கிறார். ஒன்றை நீட்டினால், வாங்குகிறவர் 'யெஸ், பிளீஸ்' என்கிறார். எங்களிடம் கொடுக்கிறவர்தான் கெஞ்ச வேண்டும். ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக்கு யாராவது வந்தால் நடப்பதைக் கேளுங்கள்.

"தேத்தண்ணி குடிப்பமோ?"

"ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள்."

"அது அப்ப. கொஞ்சமாக் குடியுங்கோவன்."

"சும்மா கரைச்சல்படாதேங்கோ."

"என்ன கரைச்சல், தண்ணி கொதிச்சிட்டுது."

"சரி, அப்ப அரைக் கப்."

மூன்றாம் தரத்தில் வரும் அந்த 'சரி' தான் உண்மையான பதில். முதல் இரண்டு 'வேண்டாம்'களும் வாசல் மிதியடியில் கால் துடைப்பது போல. துடைக்காமல் உள்ளே வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மகள் தர்ஷினி சின்னவளாக இருந்தபோது இது பெரிய சிக்கலாக இருந்தது. அவள் இங்கே பிறந்தவள். யார் வீட்டில் எதை நீட்டினாலும் முதல் தரத்திலேயே "யா தக்", ஆம் நன்றி, என்று கையை நீட்டிவிடுவாள். சபையில் எனக்கு மானம் போகும். பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, தட்டு வரும்போது மேசைக்குக் கீழே தொடையில் கிள்ளுவேன். ஒரு கிள்ளு என்றால் 'வேண்டாம்' சொல். இரண்டு கிள்ளு என்றால் இனி எடுக்கலாம். கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிவிட்டாள்.

எனக்கு மட்டும் மறுபக்கத்துப் பாடம் ஏறவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு நோர்வேஜிய அயல்வீட்டில் கேக் நீட்டினார்கள். பசி. "வேண்டாம்" என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுத் தட்டை அலுமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்திவிட்டார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது கேக் தானே.

சொல்வேயின் உருளைக்கிழங்கு

எங்கள் மாடியில் சொல்வேய் என்று ஒரு முதியவர் இருந்தார். சாப்பாடு கொண்டுபோனால் "நை தக்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேண்டாம், நன்றி. மற்ற ஊழியர்கள் அதை மதித்து, 'மதிய உணவை மறுத்தார்' என்று பதிவில் எழுதிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். அவருடைய எடை குறைந்துகொண்டே வந்தது.

நான் போனால் தட்டை எடுக்க மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து திரைச்சீலையைச் சரிசெய்வேன். "உருளைக்கிழங்கு இன்றைக்கு நல்லாய் அவிந்திருக்கிறது," என்பேன். "நை தக்." "வெண்ணெய் போட்டிருக்கிறார்கள்." பதில் வராது. மூன்றாம் தரம் கரண்டியை நீட்டினால் வாய் திறக்கும்.

"நீ என்னதான் செய்கிறாய்?" என்று இன்கிரிட் ஒருநாள் கேட்டார்.

"திரும்பவும் கேட்கிறேன், அவ்வளவுதான்," என்றேன்.

இன்கிரிட் அதையும் கொப்பியில் எழுதினார். இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும், அந்தச் சுழலாத கதிரையில் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று. சொல்வேய்க்கு நான் செய்ததை இன்கிரிட் எனக்குச் செய்வார் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்று பின்னேரம் சிவநேசனுக்குச் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுநர். அப்போதுதான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீர் ஏனப்பா வேண்டாம் எண்டனீர்?"

"அவ இன்னொருக்காக் கேப்பா எண்டு பாத்தன்."

ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "இன்கிரிட் என்ன உம்மைப் பொம்பிளை பாக்கவே வந்தவ?" என்றார்.

கவிதா வந்தாள்

அடுத்த கிழமை அறிவித்தல் ஒட்டினார்கள். முழுநேர இடம் கவிதாவுக்கு.

கவிதா சேலத்துப் பிள்ளை. கணவருக்கு இங்கே கணினி வேலை. எங்கள் மாடியில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, உங்களத்தான் முதல்ல கேட்டாங்களாமே. நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு இன்கிரிட் சொன்னாங்க. அதான் நான் போய்க் கேட்டேன்."

"என்னெண்டு கேட்டனீ?"

"பிளீஸ், எனக்குக் குடுங்கன்னு கேட்டேன்."

"இங்கிலீசிலயோ?"

"ஆமா. எனக்கு அவங்க பாஷையில அதுக்கு வார்த்த தெரியல."

எனக்கு வந்த கோபத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவளிடம் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கதைக்காமல் விட்டுவிட்டேன். வேலை பற்றி மட்டும் இரண்டு சொல். கிட்டத்தட்ட இரண்டு மாதம். அவள் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைக்கூட "வேண்டாம்" என்றேன். அவள் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் வேண்டாம் என்றேன்.

தொலைபேசி பழையபடி என்னோடு குளியலறைக்கு வந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை

தர்ஷினி இப்போது தூரத்து ஸ்தவாங்கர் நகரில் பொறியியலாளர். எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலை. வருவது குறைவு. அந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். "சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டதற்கு "சாப்பிடுறன் அம்மா," என்றாள்.

சனி காலை நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். முதல் தட்டு அவிக்கும் சட்டியில் இருந்து இறங்கி ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு மேசையில் இருந்தாள். தொலைபேசி மினுங்கியது. 'இன்று வர முடியுமா?'

"போகட்டே பிள்ளை?" என்று கேட்டேன்.

"போங்கோ அம்மா. எனக்கு ஒண்டுமில்லை. பரவாயில்லை."

போய்விட்டேன்.

வேலை முடிந்து குறொன்லாண்ட் கடைத்தெருவில் இறங்கி அவளுக்குப் பிடித்த முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு வரை நிற்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். சப்பாத்துத் தட்டில் அவளுடைய சப்பாத்து இல்லை.

"பின்னேர ரயிலிலை போயிட்டாள்," என்றார் சிவநேசன். "உம்மோடை ஏதோ கதைக்கவெண்டு வந்தவள் போலை இருந்தது."

"உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"எனக்கு அவள் எப்ப சொன்னவள்?"

அடுப்படியில் இடியப்பம் நான் மூடிவைத்தபடியே காய்ந்து கிடந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தாள். முருங்கைக்காய்ப் பையைக் கையில் பிடித்தபடி நான் அங்கேயே நின்றேன். ஒருதரம் கேட்டேன். பரவாயில்லை என்றாள். சரி என்று போய்விட்டேன். இன்கிரிட் எனக்குச் செய்தது அதுதானே. இன்கிரிட்டுக்காவது எங்கள் வழக்கம் தெரியாது. இந்தப் பிள்ளையின் தொடையில் கிள்ளிக் கிள்ளி அதைப் பழக்கியவள் நான்.

ஞாயிறு காலை அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்ன பிள்ளை, என்ன கதைக்க வந்தனீ?"

"ஒண்டுமில்லை அம்மா. சும்மா வந்தனான்."

"சும்மா நீ வரமாட்டாய். சொல்லு."

"ஒண்டுமில்லை எண்டுறன்."

நான் தொலைபேசியை வைக்கவில்லை. அங்கே காற்று யன்னலில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"ஒருக்காச் சொல்லன், தர்ஷினி."

பிறகு சொன்னாள். ஆறு கிழமையாக அவள் வேலைக்குப் போகவில்லை. வைத்தியர் 'சிக்மெல்ட்', அதாவது சுகவீன விடுப்பு, என்று எழுதிக்கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார். நித்திரை வருவதில்லை. அலுவலக லிப்டுக்குள் ஏறினால் அழுகை வருகிறது, ஏனென்று தெரியவில்லை.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் அம்மா வந்தனான்."

"நான் வாறன்," என்றேன்.

"வேண்டாம் அம்மா. உங்களுக்கு வேலை இருக்கு."

"சரி," என்று தொலைபேசியை வைத்தேன்.

மறுபடியும் அந்தக் கதிரை

திங்கள் காலை பஸ்ஸில் போகும்போது வசனத்தைத் தயார்செய்தேன். முதலில் அந்த 'அன்பாய் இருங்கள்' தொடரைப் போட்டேன். அடுத்த தரிப்பிடத்தில் அதை எடுத்துவிட்டேன். முதியோர் இல்லத்து வாசலுக்கு வந்தபோது மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: "மகளுக்குச் சுகமில்லை. எனக்கு இரண்டு கிழமை விடுப்பு வேண்டும்."

இத்தனை மொட்டையாக நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. காது சுட்டது.

"சரி, போ," என்றார் இன்கிரிட். "உன் வேலை முறைகளை யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்."

நான் எழும்பவில்லை. பழையபடி அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறந்தேன்.

"அந்த முழுநேர இடம். எனக்கு அது வேண்டியிருந்தது."

"ஆனால் நீ வேண்டாம் என்றாய், வசந்தி."

"சொல்வேயும்தான் ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்கிறார்."

இன்கிரிட் பேனையை வைத்தார். அவருடைய கழுத்தில் இருந்து மேலே மெல்லச் சிவப்பு ஏறியது.

"வளர்ந்த ஒரு மனிசி வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்," என்றார் கடைசியில். "திரும்பக் கேட்டால் அவள் சொன்னதை நான் நம்பவில்லை என்றாகிவிடும். உன்னை அவமதிக்கக் கூடாது என்றுதான் நான் விட்டேன்."

அதையும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. இவ்வளவு நாளும் அவர் என்னை மதிக்கவில்லை என்று நான் கறுவிக்கொண்டிருந்தேன். அவர் மதித்ததால்தான் கேட்காமல் விட்டிருக்கிறார்.

"அடுத்த இடம் வந்தால் எத்தனை தரம் கேட்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் பகிடிவிடவில்லை, பேனை மறுபடி கையில் இருந்தது.

"ஒருதரம் போதும்," என்றேன்.

அடுத்த இடம் இதை எழுதும்வரை வரவில்லை. வந்தால் எழுதுவேன். வராவிட்டால் நானே போய்க் கேட்பேன்.

கவிதாவிடம் கேட்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மற்றவர்களின் நேரங்கள் என்னுடையவற்றோடு மோதின. என் முறைகளை எடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். உடுப்பு மாற்றும் அறையில் அவளுடைய பெட்டகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கவிதா, ஒருக்கா..." என்று தொடங்கினேன். மேலே வரவில்லை. இரண்டு மாதம் அவளோடு கதைக்காதவள் நான். எங்கள் 'ஒருக்கா', 'இருங்கோவன்' எல்லாம் அவளுக்கு எவ்வளவு விளங்கும் என்றும் தெரியவில்லை. அவளுடைய சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

"பிளீஸ்," என்றேன். ரீச்சரின் வகுப்புக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருவரிடம் இவ்வளவு மனதாரச் சொன்னது அன்றைக்குத்தான்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் நாட்காட்டியைத் திறந்துவிட்டாள். "ஐயோ அக்கா, நமக்குள்ள எதுக்கு பிளீஸ்? தேதியச் சொல்லுங்க."

குறித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு அந்த வேல வேணும்னு தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்க்கா."

"எங்கடை ஆக்கள் ரெண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லித்தான் எடுப்பினம்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான். ஆனா சாப்பாட்டுக்குத்தான்க்கா. வேலைக்கெல்லாம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

அவள் கேட்டிருக்க மாட்டேன் என்றது உண்மையோ உபசாரமோ தெரியவில்லை. இரண்டாம் தரம் கேட்டுப் பார்க்க நான் விரும்பவில்லை. பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். எலுமிச்சைச் சாதம். முதல் தரத்திலேயே வாங்கிக்கொண்டேன்.

ஸ்தவாங்கர்

வருகிறேன் என்று தர்ஷினிக்குச் சொல்லவில்லை. ஸ்தவாங்கரில் ரயில் இறங்கியபோது மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. குடை விரித்த இரண்டாம் நிமிடத்தில் புரண்டுபோனது. கையில் இருந்த பை கனத்தது. உடுப்பு கொஞ்சம்தான், கனமெல்லாம் உள்ளே இருந்த இடியப்ப உரலும் வறுத்த அரிசிமாவும்.

மணியை அடித்தேன். வரச் சுணங்கினாள். கதவைத் திறந்தபோது தலை வாரி இழுக்காமல், முழங்கை தேய்ந்த பழைய கம்பளிச்சட்டையோடு நின்றாள். என் தலையில் இருந்து தண்ணீர் வடிந்து அவளுடைய மிதியடியில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் அம்மா வந்தனீங்கள்? வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ."

"ஓம்," என்றேன். "ஒருக்காத்தானே சொன்னனீ."

சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. ஈரக் கோட்டோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழுதாள். நானும் அழுதேன். அடுத்த வீட்டுக் கதவு திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மரியாதையாக மூடிக்கொண்டது.

பிறகு நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அடுப்படியைத் தேடிப் போனேன். சட்டிகள் எல்லாம் கழுவாமல் கிடந்தன. இடம் ஒதுக்கி உரலை எடுத்து வைத்தேன்.

"இடியப்பம் அவிக்கட்டே?"

"வேண்டாம் அம்மா. பசிக்கேல்லை."

கேத்திலில் தண்ணீரை நிரப்பினேன். மாவுப் பையின் முடிச்சை அவிழ்த்தேன். வறுத்த மாவின் வாசம் எழும்பியது. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிக்கட்டே பிள்ளை?" என்று இரண்டாம் தரம் கேட்டேன்.

"ஓம் அம்மா," என்றாள்.